மக்கள் தொடர்புப் பயிற்சிப் பணியில் சிறந்து விளங்குவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மக்கள் தொடர்பு நிறுவனங்களிலும், பெரிய அமைப்புகளின் மக்கள் தொடர்புப் பிரிவுகளிலும் சில மாதப் பயிற்சிப் பணிக்குச் சேரும் இளைஞர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் இந்தத் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றியதிலிருந்து கிடைத்தவை.

மக்கள் தொடர்புக்கும் விளம்பரத்துக்கும் என்ன வேறுபாடு?

விளம்பரத்தில் இடத்துக்கோ நேரத்துக்கோ பணம் கொடுக்கிறோம். அதனால் என்ன சொல்வது, எப்போது சொல்வது என்பதை நாமே முடிவு செய்கிறோம். மக்கள் தொடர்பில் நாம் தரும் தகவலை வெளியிடுவதா, எந்தக் கோணத்தில் எழுதுவது, யாருடைய எதிர்க்கருத்தை அதனுடன் சேர்ப்பது என்பவற்றையெல்லாம் செய்தியாளரும் செய்தி ஆசிரியரும் முடிவு செய்கிறார்கள். பணம் வாங்காத ஒருவர் தம் சொந்தத் தீர்ப்பின்படி எழுதியது என்பதால்தான் வாசகர் அதற்குக் கூடுதல் மதிப்புத் தருகிறார். ஆகவே இந்தத் தொழிலின் மூலதனம் நம்பகத்தன்மை ஒன்றே. பயிற்சிப் பணியாளர் தட்டச்சு செய்யும் ஒரு பெயர்ப் பட்டியல்கூட அந்த மூலதனத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். நீங்கள் முடித்துக் கொடுத்த வேலையை மேலாளர் மீண்டும் சரிபார்க்காமல் வெளியே அனுப்பத் துணியும் நாள் வருமானால், உங்கள் பயிற்சி வெற்றி பெற்றுவிட்டது என்று கொள்ளலாம்.

பணியில் சேர்வதற்கு முன் என்ன படித்துக்கொள்ள வேண்டும்?

அந்த நிறுவனம் கடந்த ஓராண்டில் வெளியிட்ட செய்திக் குறிப்புகளை, அதாவது ஊடகங்களுக்கு அனுப்பிய அறிவிப்புகளை, படியுங்கள். பிறகு அவற்றிலிருந்து உருவான செய்திகளைத் தேடிப் படியுங்கள். குறிப்பில் இருந்த எந்த வரி செய்தியில் இடம்பெற்றது, எது விடுபட்டது, செய்தியாளர் புதிதாக எதைக் கேட்டுச் சேர்த்தார் என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எந்தப் பாடநூலும் இந்த ஒப்பீட்டுக்கு ஈடாகாது.

முதல் வாரங்களில் எந்த மாதிரியான வேலைகள் தரப்படும்?

பெரும்பாலும் ஊடகக் கண்காணிப்பும், செய்தியாளர்களின் பெயரும் தொடர்பு விவரங்களும் அடங்கிய ஊடகப் பட்டியலைப் புதுப்பிப்பதும், நம்மைப் பற்றி வெளிவந்த செய்திகளைத் தொகுக்கும் கவரேஜ் அறிக்கை தயாரிப்பதும்தான். நிறுவனத்தின் பெயரும் போட்டி நிறுவனங்களின் பெயர்களும் அந்தத் துறையைப் பற்றிய முக்கியச் சொற்களும் எங்கெல்லாம் வந்திருக்கின்றன என்று காலையில் தேடித் தொகுத்து, மேலாளர்கள் நாளைத் தொடங்கும் முன் அனுப்ப வேண்டியிருக்கும்.

இதைச் சலிப்பான வேலை என்று நினைத்துப் பலர் முதல் மாதத்திலேயே சோர்ந்துவிடுகிறார்கள். அந்தச் சோர்வு எனக்கு வருத்தம் தருவது, ஏனென்றால் துறையின் வரைபடம் முழுவதும் இந்த வேலையில்தான் கிடைக்கிறது. எந்தச் செய்தியாளர் எதைப் பற்றி எழுதுகிறார், யாருக்கு எண்கள் பிடிக்கும், யார் மனிதர்களின் கதையைத் தேடுவார், எந்தப் பதிப்பு எந்தக் கிழமையில் வணிகப் பக்கத்தை விரிவாகத் தருகிறது என்பதெல்லாம் இரண்டு மாதம் கவனமாகப் படிப்பவருக்குத் தானாகவே பிடிபட்டுவிடும். இணைப்புகளை மட்டும் வரிசையாக ஒட்டி அனுப்பாமல், ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி எழுதுங்கள்: செய்தியின் தொனி என்ன, நம்மைப் பற்றிய தகவல் சரியாக வந்திருக்கிறதா, யாராவது பதில் சொல்ல வேண்டிய எதுவும் அதில் இருக்கிறதா. அந்த இரண்டு வரிகளைப் பார்த்துத்தான் மேலாளர் உங்களை அடுத்த கூட்டத்துக்கு அழைக்கலாமா என்று முடிவு செய்வார்.

ஊடகப் பட்டியலைப் பொறுத்தவரை, செய்தியாளர்கள் அடிக்கடி பணியையும் துறையையும் மாற்றுவதால் ஆறு மாதப் பழைய பட்டியலைக்கூட நம்ப முடியாது. ஒவ்வொரு பெயருக்கும் அவர் அண்மையில் எழுதிய கட்டுரை ஒன்றைப் பார்த்து உறுதி செய்த பிறகே அதைப் பட்டியலில் வையுங்கள்.

நல்ல செய்திக் குறிப்பை எழுதுவது எப்படி?

ஒரு குறிப்பை எழுதத் தொடங்கும் முன், நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவர் இதை ஏன் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் விடை எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் குறிப்பு இன்னும் தயாராகவில்லை என்று பொருள்; சில நேரங்களில் அங்கே செய்தியே இல்லை என்றும் பொருள். இதை மேலாளரிடம் பணிவாகச் சொல்லலாம், அதில் தவறில்லை.

யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளுக்கான விடைகளில் முக்கியமானவை முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். அடுத்தடுத்த பத்திகள் முக்கியத்துவம் குறைந்துகொண்டே போகும் வரிசையில் அமைய வேண்டும், ஏனெனில் செய்தி ஆசிரியர் இடம் போதாதபோது அடியிலிருந்துதான் வெட்டுவார். தலைப்பில் புதிதாக நடந்தது என்ன என்பது தெரிய வேண்டும். குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இறுதியில் நிறுவனத்தைப் பற்றிய சிறு அறிமுகமும், கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடிய ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணில் அழைத்தால் உண்மையிலேயே யாராவது எடுக்க வேண்டும்.

‘உலகத்தரம் வாய்ந்த’, ‘புரட்சிகரமான’, ‘முன்னணி’ போன்ற அடைமொழிகளை நீக்கிவிட்டு, அவை எதைக் குறிக்க வந்தனவோ அந்த எண்ணையோ உண்மையையோ அங்கே வையுங்கள். வேகமான சேவை என்று எழுதுவதைவிட, முன்பு நான்கு நாள் ஆன வேலை இப்போது ஒரே நாளில் முடிகிறது என்று எழுதுவது செய்தியாளருக்குப் பயன்படும். தலைமை அதிகாரியின் மேற்கோளிலும் இதே நோய் உண்டு: ‘பெருமகிழ்ச்சி அடைகிறோம்’ என்று தொடங்கும் மேற்கோளைச் செய்தியாளர்கள் அப்படியே தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு மனிதர் வாய்விட்டுச் சொல்லக்கூடிய வாக்கியமா என்று உரக்கப் படித்துப் பாருங்கள். மேற்கோளை நீங்கள் வரைவாக எழுதினாலும், யார் பெயரில் வெளிவருகிறதோ அவருடைய ஒப்புதல் எழுத்தில் கிடைக்கும் வரை அது வெளியே போகக் கூடாது.

செய்தியாளரை முதன்முறையாகத் தொடர்புகொள்ளும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அவர் எதைப் பற்றி எழுதுபவர் என்று தெரியாமல் தொடர்புகொள்ளாதீர்கள். நலவாழ்வுச் செய்தியாளருக்கு நிதித்துறைச் செய்தியை அனுப்புவதும், முந்நூறு பேருக்கு ஒரே மின்னஞ்சலை ஒரே நொடியில் அனுப்புவதும் அவர்களுடைய நேரத்தை மதிக்காத செயல்கள். பொருத்தமான பதினைந்து பேருக்குத் தனித்தனியாக எழுதிய மடல், முந்நூறு பேருக்குப் போன பொது மடலைவிட அதிகப் பலன் தருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மடல் சுருக்கமாக இருக்கட்டும்: என்ன செய்தி, அவருடைய வாசகர்களுக்கு அது ஏன் பொருட்படும், யாருடன் பேச ஏற்பாடு செய்ய முடியும், படமோ தரவோ உண்டா. கோப்புகளை இணைப்பதைவிடக் குறிப்பின் வாசகத்தை மடலின் உடலிலேயே தருவது நல்லது. தொலைபேசியில் அழைத்தால், ‘இப்போது பேசலாமா, அல்லது செய்தி முடிக்கும் நேரமா?’ என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் ஓரிரு நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அப்போதும் கூடுதலாக ஒரு தகவலைத் தர முடிந்தால் மட்டும் எழுதுங்கள். ‘என் மடல் கிடைத்ததா?’ என்று மட்டும் கேட்பதற்காக அழைப்பது, செய்தியாளர்கள் நம் துறையைப் பற்றிச் சொல்லும் குறைகளில் அடிக்கடி வருவது.

அவர் மறுத்தால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். அவருக்கு வேறொரு செய்திக்காக உங்கள் நிறுவனத்தோடு தொடர்பில்லாத நிபுணர் ஒருவர் தேவைப்பட்டு, உங்களுக்குத் தெரிந்த ஒருவரைக் காட்ட முடிந்தால் காட்டுங்கள். உடனடிப் பயன் எதுவும் கிடைக்காத அத்தகைய உதவியிலிருந்துதான் நீண்டகாலத் தொடர்புகள் வளர்கின்றன.

எம்பார்கோ, ஆஃப் தி ரெக்கார்ட் என்பவற்றின் பொருள் என்ன?

எம்பார்கோ என்பது, தகவலை முன்கூட்டியே தருகிறோம், ஆனால் குறிப்பிட்ட நாள், நேரம் வரை வெளியிட வேண்டாம் என்ற உடன்பாடு. செய்தியாளர் முன்பே ஒப்புக்கொண்டால்தான் அது உடன்பாடு ஆகும். குறிப்பின் தலையில் தடை நேரத்தை நாமே அச்சிட்டு அனுப்பிவிடுவதால் அது அவரைக் கட்டுப்படுத்தாது. நேரத்தைக் குறிப்பிடும்போது நேர மண்டலத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஆஃப் தி ரெக்கார்ட் என்பது, சொல்வதைச் செய்தியாக வெளியிடக் கூடாது என்ற உடன்பாடு. அதுவும் பேச்சு தொடங்கும் முன் இரு தரப்பும் ஏற்க வேண்டிய ஒன்று; சொல்லி முடித்த பிறகு அந்தத் திரையைப் பின்னோக்கிப் போட முடியாது. அந்தச் சொல்லுக்கு ஒவ்வொரு செய்தியாளரும் சற்றே வேறு பொருள் கொள்வதும் உண்டு. பயிற்சிக் காலத்தில் வெளியே வரக் கூடாத எதையும் செய்தியாளரிடம் சொல்லாமல் இருப்பதே பாதுகாப்பானது.

செய்தியாளர் நேரடியாக என்னிடமே கேள்வி கேட்டால் என்ன சொல்வது?

பயிற்சிப் பணியாளர் நிறுவனத்தின் அதிகாரபூர்வப் பேச்சாளர் அல்லர். ஆனாலும் ‘எனக்குத் தெரியாது’ என்று இணைப்பைத் துண்டித்துவிடக் கூடாது. அவருடைய பெயர், எந்த ஊடகம், சரியான கேள்வி, எத்தனை மணிக்குள் விடை வேண்டும் என்ற நான்கையும் எழுதிக்கொண்டு, உரியவரிடம் சேர்த்து இத்தனை மணிக்குள் மீண்டும் அழைக்கிறோம் என்று சொல்லுங்கள். விடை கிடைக்காவிட்டாலும் சொன்ன நேரத்தில் திரும்ப அழைத்து, இன்னும் கிடைக்கவில்லை என்று தெரிவிப்பது அவசியம். செய்தியாளர் பக்கத்தை முடிக்கும் நேரம் நமக்காகக் காத்திருப்பதில்லை.

நான் தவறு செய்துவிட்டால்?

உடனே சொல்லுங்கள், அதுவும் மேலாளரிடம் முதலில். நான் பயிற்சியில் இருந்தபோது, ஒரு செய்திக் குறிப்பில் இரண்டு அதிகாரிகளின் பதவிகளை இடம் மாற்றி எழுதி, அது பத்துக்கும் மேற்பட்ட ஊடகங்களுக்குப் போய்விட்டது. கண்டுபிடித்ததும் அரை மணி நேரம் யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த அரை மணி நேரத்தில்தான் ஓர் இணையதளம் அதை அப்படியே வெளியிட்டது. முதல் நிமிடத்திலேயே சொல்லியிருந்தால் ஒரு திருத்த மடலோடு முடிந்திருக்கும். மேலாளர் பிழைக்காக என்னைக் கடிந்துகொள்ளவில்லை, அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் கேட்டார்.

சொல்லும்போது எது தவறு, யாருக்கெல்லாம் போயிருக்கிறது, திருத்த மடலின் வரைவு இதோ என்ற மூன்றையும் சேர்த்தே கொண்டு செல்லுங்கள். பெயர், பதவி, எண், தேதி, தொலைபேசி எண், இணைப்பு ஆகியவற்றை அனுப்புவதற்கு முன் மூலத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகக் குறியிடும் பழக்கத்தை அன்றுதான் தொடங்கினேன். இன்று வரை விடவில்லை.

நெருக்கடி நேரத்தில் பயிற்சிப் பணியாளர் என்ன செய்ய முடியும்?

முதலில், நெருக்கடியில் மக்கள் தொடர்பு எதைச் சார்ந்து நிற்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். 1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் சிகாகோ பகுதியில், யாரோ சயனைடு கலந்த டைலினால் என்ற வலிநிவாரணி மாத்திரைகளை உட்கொண்டு ஏழு பேர் இறந்தனர். அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமம் மக்களை அந்த மருந்தை உட்கொள்ள வேண்டாம் என்று எச்சரித்து, நாடு முழுவதும் ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. பின்னர், பிரித்தால் தெரிந்துவிடும் வகையிலான உறையுடன் மருந்தை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்நிகழ்வு இன்றும் பாடமாகக் கற்பிக்கப்படுவதற்குக் காரணம் அழகான அறிக்கைகள் அல்ல; சொல்வதற்குத் தகுந்த செயல் ஒன்றை நிறுவனம் முதலில் செய்ததுதான். செயல் இல்லாத இடத்தில் எந்தச் சொல்லாலும் நம்பிக்கையை மீட்க முடியாது.

அத்தகைய நாளில் உங்கள் வேலை எளியது, ஆனால் இன்றியமையாதது. எந்த அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது, என்ன கேட்டார்கள், யார் பதில் சொன்னார்கள் என்ற பதிவேட்டைத் தவறாமல் பராமரியுங்கள். ஒப்புதல் பெற்ற அறிக்கையின் எந்த வடிவம் கடைசியானது என்பதில் குழப்பம் வராமல் பாருங்கள். முன்பே திட்டமிட்டு வைத்த விளம்பரத் தொனியிலான சமூக ஊடகப் பதிவுகள் அந்த நேரத்தில் தானாக வெளியாகிவிடாமல் நிறுத்த வேண்டும் என்று நினைவுபடுத்துங்கள். துயரச் செய்தியின் நடுவே உற்சாகமான பதிவு ஒன்று வந்து விழுவது பலரைக் காயப்படுத்தும். உங்கள் சொந்தக் கணக்கில் நிறுவனத்தைத் தற்காத்து எதையும் எழுதாதீர்கள்.

செய்தி வெளிவந்ததன் பலனை எப்படி அளப்பது?

ஒரு செய்தி பிடித்த இடத்தின் அளவை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, ‘இவ்வளவு தொகைக்கு ஈடான கவரேஜ்’ என்று காட்டும் பழைய முறையை இன்னும் சிலர் கேட்பார்கள். 2010ஆம் ஆண்டு பார்சிலோனாவில் கூடிய அளவீட்டு வல்லுநர்கள் ஏற்றுக்கொண்ட பார்சிலோனா கோட்பாடுகள், அந்தத் தொகை மக்கள் தொடர்பின் மதிப்பைக் குறிக்காது என்று தெளிவாகக் கூறின. வெளியீட்டின் எண்ணிக்கையைவிட, அதனால் நேர்ந்த மாற்றத்தை அளப்பதே மேலானது என்பதும் அவற்றில் ஒன்று.

அறிக்கை கேட்கப்படும்போது கேட்ட வடிவத்தில் கொடுங்கள்; அதனுடன், நாம் சொல்ல விரும்பிய கருத்து எத்தனை செய்திகளில் இடம்பெற்றது, யாருக்காகச் சொன்னோமோ அவர்கள் படிக்கும் ஊடகங்களில் வந்ததா, வெளிவந்த பிறகு இணையதள வருகையிலோ விசாரணைகளிலோ மாற்றம் தெரிந்ததா என்ற ஒரு பத்தியையும் சேருங்கள். சாதகமற்ற செய்திகளை அறிக்கையிலிருந்து ஒருபோதும் மறைக்காதீர்கள்.

உண்மையல்லாத ஒன்றை எழுதச் சொன்னால்?

மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். இந்தத் தொழிலின் தொடக்க காலத்தவரான ஐவி லீ 1906இல் செய்தி ஆசிரியர்களுக்கு அனுப்பிய கொள்கை அறிவிப்பில், தம் பணி மறைமுகமானது அல்ல, தரும் தகவல் துல்லியமானது, விவரம் கேட்கும் ஆசிரியர் அதைச் சரிபார்க்க உதவப்படும் என்று உறுதியளித்தார். அதே லீயின் பெயர், 1930களில் நாஜி ஆட்சியின் கீழிருந்த ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பென் நிறுவனத்துக்கு ஆலோசனை கூறியதால் களங்கப்பட்டது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். கொள்கையை எழுதிவைத்தால் போதாது, யாருக்காகப் பணியாற்றுகிறோம் என்பதும் சேர்ந்துதான் நம் பெயரைத் தீர்மானிக்கிறது.

நடைமுறையில் அப்பட்டமான பொய்யைக் காட்டிலும் அரை உண்மைகளே உங்கள் முன் வரும்: வாடிக்கையாளர் போல நடித்து மதிப்புரை எழுதச் சொல்வது, பணம் பெற்று எழுதப்பட்ட பதிவை இயல்பான கருத்தாகக் காட்டுவது, பாதகமான எண்ணை மட்டும் விட்டுவிடுவது. ‘இதைச் செய்தியாளர் கண்டுபிடித்தால் நாம் என்ன சொல்வோம்?’ என்று மேலாளரிடம் அமைதியாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான கோரிக்கைகள் அந்தக் கேள்வியிலேயே கைவிடப்படும். கைவிடப்படாவிட்டால் எழுத்தில் உங்கள் தயக்கத்தைத் தெரிவியுங்கள். அதற்குப் பிறகும் வற்புறுத்தும் இடத்திலிருந்து விலகுவது உங்கள் எதிர்காலத்துக்கு இழப்பாகாது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா?

நிறுவனத்தின் விதி என்ன என்று முதலில் கேளுங்கள். இன்னும் வெளியாகாத நிதி முடிவுகள், ஒப்பந்த விவரங்கள், தனிநபர் தகவல்கள் ஆகியவற்றைப் பொதுக் கருவிகளில் இடுவது இரகசியக் காப்பு உடன்பாட்டை மீறுவதாகும். அனுமதி இருந்தாலும், அவை இல்லாத மேற்கோளையும் தவறான எண்ணையும் நம்பிக்கையோடு எழுதித் தரக்கூடும் என்பதால், வெளியே போகும் ஒவ்வொரு உண்மைக்கும் பொறுப்பு உங்களுடையதே.

வேலை குவியும்போது மறுக்க முடியாமல் திணறுகிறேன். என்ன செய்வது?

மறுக்க வேண்டியதில்லை; வரிசையைக் கேளுங்கள். ‘இன்று மாலைக்குள் இந்த மூன்றும் என்னிடம் இருக்கின்றன, எதை முதலில் முடிக்கட்டும்?’ என்று கேட்பவரை எந்த நல்ல மேலாளரும் குறைவாக எண்ண மாட்டார். ஒரு வேலையைப் பெறும்போதே இது யாருக்குப் போகிறது, எப்போது வேண்டும், முன்பு செய்த மாதிரி ஏதேனும் உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டால் பாதித் திணறல் குறையும்.

பயிற்சி முடியும்போது எதைக் கையில் கொண்டு செல்ல வேண்டும்?

வெளியான செய்திக் குறிப்புகள், அவற்றிலிருந்து வந்த செய்திகள், நீங்கள் தயாரித்த அறிக்கைகள் ஆகியவற்றில் பொதுவெளியில் உள்ளவற்றையும், நிறுவனம் எழுத்தில் அனுமதித்தவற்றையும் மட்டும் தொகுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் அதில் உங்கள் பங்கு எது என்று நேர்மையாக எழுதுங்கள். முதல் வரைவு மட்டும் உங்களுடையது என்றால் அதையே எழுதுங்கள், நேர்காணலில் யாராவது நிச்சயம் அதைக் கேட்பார்கள். ஊடகப் பட்டியலை நகலெடுத்துச் செல்லாதீர்கள், அது நிறுவனத்தின் சொத்து. கடைசி வாரத்தில், உங்களுக்குப் பின் அந்த மேசைக்கு வருபவருக்காக, நடந்துகொண்டிருக்கும் வேலைகள், அவற்றின் கோப்புகள் இருக்கும் இடம், பதிலுக்காகக் காத்திருக்கும் செய்தியாளர்கள் ஆகிய விவரங்களை இரண்டு பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு, அந்தச் செய்தியாளர்களுக்கும் இனி யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று ஒரு மடல் அனுப்பிவிடுங்கள்.